தண்ணி தெளிவாத்தானே கிடக்கு, பிறகென்ன?

1990இல் போருக்குள் விட்டுவிட்டு ஓடிய, பிறகு இராணுவத் தளத்துக்குள் போய்விட்ட காணிக்கு 27 வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது பெரியம்மாவின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்கூட ஒழுங்காக இல்லை. கிணறு மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறிய பலருக்கும் இதே கதைதான். வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, கிணற்றை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க இரண்டு நாள் பிடித்தது. அடியிலிருந்து முட்கம்பிச் சுருள், துருப்பிடித்த தகரங்கள், மண்மூட்டைச் சாக்குகள், நாலைந்து பெரிய பற்றரிகள் எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் ஊறிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பெரியம்மா ஒரு வாளி அள்ளிப் பார்த்துவிட்டு, "தண்ணி தெளிவாத்தானே கிடக்கு, பிறகென்ன?" என்றார்.

அந்தப் "பிறகென்ன"வுக்குப் பதில் சொல்ல என்றே ஒரு துறை இருக்கிறது. இராணுவத் தளம் இருந்த நிலத்திலும் அதைச் சுற்றியும் வாழும் மக்களுக்கு அங்கு தேங்கிய மாசினால் என்ன கேடு வரலாம் என்று கணக்கிடும் பொதுச் சுகாதார மதிப்பீடு அது. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்குச் சட்டமும் பணமும் நிபுணர்களும் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு சோடாப் போத்தல் தண்ணீரும், அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற குழப்பமும்தான். ஆனாலும் அந்தத் துறை எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும். "நியமத்துக்குள் இருக்கிறது" என்று முடியும் ஒரு ஆய்வுகூடத் தாளைக் கையில் வாங்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதப்படவில்லை என்று பார்க்கத் தெரிய வேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

முதலில், ஒரு இராணுவத் தளம் நிலத்தில் எதை விட்டுப் போகிறது? குண்டு, மிதிவெடி என்றுதான் உடனே நினைப்போம். உண்மையில் தளம் என்பது ஒரு சிறு பட்டணம். ஆயிரக்கணக்கானோருக்குச் சமையல், மலசலகூடம், குப்பைக் கிடங்கு, வாகனம் திருத்தும் இடம், எரிபொருள் தாங்கி. விமானத் தளம் என்றால் ஓடுபாதையும் தீயணைப்புப் பயிற்சித் திடலும் சேரும். அதனால் மாசின் பெரும்பகுதி சாதாரணமானதுதான்: மலக்குழியிலிருந்து நைத்திரேற்று, கராச்சிலிருந்து கழிவெண்ணெய், தாங்கியிலிருந்து கசிந்த டீசல், இயந்திர உதிரிப்பாகங்களின் கொழுப்பைக் கழுவும் கரைப்பான்கள், குப்பையைத் திறந்த குழியில் எரித்த சாம்பல். அதற்கு மேல்தான் இராணுவத்துக்கே உரியவை வரும். சுடுதளத்து மண்ணில் ஈயம், வெடிபொருளிலிருந்து ரி.என்.ரி., ஆர்.டி.எக்ஸ்.

வெடிபொருள் வெடித்தால் எரிந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. வெடிக்காமல் கிடந்து உக்குவதும் அரைகுறையாக வெடிப்பதும் துகள்களை மண்ணில் விடும். ஆர்.டி.எக்ஸ். மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, மழையோடு கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் கேப் கொட் தீபகற்பத்தில் பீரங்கிப் பயிற்சி நடந்த தளமொன்றின் கீழுள்ள நிலத்தடி நீரில் இது கலந்துவிட்டதால், 1997இல் அந்த நாட்டின் சுற்றாடல் முகவரகம் அங்கு குண்டு சுடுவதையே நிறுத்தச் சொன்னது. அந்தத் தீபகற்பத்துக்கும் நம்மைப் போலக் குடிக்க நிலத்தடி நீரை விட்டால் வேறு பெரிய வழி கிடையாது. அவர்களுடையது மணல், நம்முடையது சுண்ணாம்புக்கல்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று பெயர் வைத்திருக்கிறோம், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. குடாநாட்டின் நான்கு முக்கியமான நன்னீர்ப் படுகைகளில் வலிகாமத்தின் கீழ் இருக்கும் சுன்னாகப் படுகைதான் பெரியது. நன்னீர் கடல்நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறுவது இதனால்தான்.

மணற்படுகையில் தண்ணீர் சல்லடையில் இறங்குவது போல மெல்ல நகரும். மாசும் ஒரு புகைமூட்டம் போல ஒழுங்காகப் பரவும். நாலு இடத்தில் துளைபோட்டுப் பார்த்தால் அதன் உருவத்தை ஓரளவு வரைந்துவிடலாம். சுண்ணாம்புக்கல் அப்படியில்லை. தண்ணீர் ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு குழாயில் ஓடுவது போல ஓடிவிடும். கீரிமலைக் கேணியில் கடலோரமாகவே நன்னீர் ஊறுவது எப்படி என்று நினைக்கிறீர்கள்? உள்நாட்டில் பெய்த மழை நிலத்துக்குக் கீழே வழி பிடித்து வந்து அங்கே வெளிப்படுகிறது. புத்தூர் நிலாவரையில் எவ்வளவு இறைத்தாலும் வற்றாதது போலத் தெரிவதும் இந்தப் பொந்துகளின் வேலைதான். ஆகவே எண்ணெய் கசிந்த இடத்துக்குப் பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்க, அரைக் கட்டை தள்ளியிருக்கும் கிணறு மணக்கலாம். பங்குனியில் இல்லாதது மார்கழியில் இருக்கலாம். ஒரு கிணற்றில், ஒரு நாளில் எடுத்த ஒரு போத்தல் அந்தக் கிணற்றின் அந்த நாளைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும்.

சரி, மதிப்பீடு என்பது எதைப் பார்க்கிறது? அடிப்படையில் ஒரு சங்கிலியைத் தேடுகிறது. மாசு எங்கிருந்து வந்தது, எதனூடாக நகர்ந்தது, மனிதர் அதை எந்த இடத்தில் சந்திக்கிறார், உடலுக்குள் எந்த வழியால் போகிறது, அப்படிச் சந்திப்பவர் யார் என்று ஐந்து கண்ணி. ஒன்று அறுந்தாலும் அந்த வழியால் ஆபத்து இல்லை. முகாமின் நடுவில் ஒரு பீப்பாய் விஷம் புதைந்திருந்தாலும், அது எவரையும் எட்டவில்லை என்றால் அது சுற்றாடல் பிரச்சினை, இன்னும் சுகாதாரப் பிரச்சினை ஆகவில்லை. மறுபக்கம், அளவு சிறிதாக இருந்தாலும் ஐந்து கண்ணியும் நாள்தோறும் பூட்டியிருந்தால் கவலைப்பட வேண்டும். இந்தக் கணக்கில் ஆய்வுகூடத் தாள் சொல்வது ஒரு கண்ணியைப் பற்றி மட்டும்தான்.

இதை உலகுக்கு நன்றாகப் படிப்பித்த இடம் அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள லெஜூன் கடற்படையணி முகாம். 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை அங்கு படையினரும் அவர்களின் மனைவி பிள்ளைகளும் குடித்துக் குளித்த தண்ணீரில் கரைப்பான்களும் எரிபொருளில் உள்ள பென்சீனும் கலந்திருந்தன. ஒரு பகுதிக்கு மாசு வந்தது முகாமுக்கு வெளியே இருந்த ஒரு உலர்சலவைக் கடையிலிருந்து. இன்னொரு பகுதிக்கு முகாமின் சொந்தப் பட்டறைகளிலிருந்தும் எரிபொருள் தாங்கிகளிலிருந்தும். 1982இல் ஒரு மாதிரியில் ட்ரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பான் லீற்றருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. இன்று அந்த நாட்டின் குடிநீர் எல்லை 5.

அது எப்படிக் கண்ணில் பட்டது என்பதைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். 1980இல் அந்தத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது வேறொரு விடயத்துக்காக: குளோரின் போடுவதால் உருவாகும் துணைப்பொருட்களை அளக்க. அளக்க முடியவில்லை, வேறேதோ குறுக்கே நிற்கிறது, தண்ணீரில் கரைப்பான்கள் இருக்கின்றன என்று ஆய்வுகூடக்காரர் எழுதி அனுப்பினார். அதாவது, தேடாமல் கண்டது. அதன் பிறகும் மோசமான கிணறுகள் மூடப்பட்டது 1984, 85இல்தான்.

பிறகு 1997இல் மத்திய அரசின் நச்சுப்பொருள் முகவரகம் ஒரு பொதுச் சுகாதார மதிப்பீட்டை வெளியிட்டது. முறையான, கனமான ஆவணம். 2009இல் அதே முகவரகம் அதைத் திரும்பப் பெற்றது. பெற்றதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, பென்சீன் அதில் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. எரிபொருள் தாங்கி கசிந்த முகாம், பென்சீன் எரிபொருளில் இருப்பது, அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்தது. இருந்தும் 12 வருடம் அந்த அறிக்கை அதிகாரபூர்வமாக நின்றது. அறிக்கையில் இருந்த எண்கள் பிழை என்பதல்ல விடயம். இல்லாத எண்தான் பிழை. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இப்படி என்றால், நம்மூர்த் தாளில் நிறம், கலங்கல், பீ.எச்., கடினத்தன்மை, நைத்திரேற்று, கோலிபோம் என்று ஆறு வரி போட்டு, "குடிக்க உகந்தது" என்று முத்திரை குத்தினால் அது எந்தக் கேள்விக்குப் பதில்? மலக்குழிக்கும் உரத்துக்கும் பதில். எரிபொருள் தாங்கிக்கு அல்ல.

மூக்கை நம்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் என்றால் மணக்காதா? மணக்கும், ஆனால் ஒழுங்காகக் கணக்கு ஒப்புவிக்காது. எரிபொருளில் இருக்கும் தொலுயீனும் சைலீனும் உடலுக்குக் கேடு வரும் அளவுக்கு வெகு முன்னரே மணக்கத் தொடங்கிவிடும். பென்சீன் நேர்மாறு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். நாக்குக்கோ மூக்குக்கோ அது தட்டுப்பட வேண்டுமென்றால் அதைவிடப் பல மடங்கு கூட இருக்க வேண்டும். எனவே மணக்கும் கிணறு எல்லாம் விஷமும் இல்லை, மணக்காத கிணறு எல்லாம் அமிர்தமும் இல்லை. 2021 கார்த்திகையில் ஹவாயில் ரெட்ஹில் என்ற கடற்படை எரிபொருள் கிடங்கிலிருந்து விமான எரிபொருள் குடிநீரில் கலந்தபோது, சுமார் 93,000 பேர் பாவித்த குழாய்த்தொகுதி அது, மணத்தை வைத்துத்தான் மக்கள் முறையிட்டார்கள். அது நல்வாய்ப்பு. கரைப்பான் கலந்த லெஜூனில் அப்படி ஒரு எச்சரிக்கை தலைமுறைக் கணக்கில் வரவில்லை.

மாதிரி எடுக்கும் விதமும் அப்படித்தான். டீசலும் பெற்றோலும் தண்ணீரில் மிதக்கும், ட்ரைகுளோரோஎதிலீன் தண்ணீரைவிடப் பாரம் என்பதால் அடிக்குப் போகும். வாளியால் மேலே அள்ளிய தண்ணீர் ஒன்றைப் பிடிக்கும், மற்றதை விடும். பென்சீன் போன்றவை ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் சிறு கண்ணாடிக் குப்பியில் வாய்வரை நிரப்பி, குளிர வைத்து, நாள் கடக்காமல் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். அரைவாசி நிரம்பிய பிளாஸ்ரிக் போத்தலை மோட்டார்சைக்கிளில் வெயிலோடு கொண்டுபோனால், போய்ச் சேரும்போது போத்தல் தண்ணீர் அதை எடுத்த கிணற்றைவிடச் சுத்தமாக இருக்கும். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். பொய்யும் இல்லை.

இந்தக் குழப்பத்தை நாம் ஒருமுறை நேரில் பார்த்தோம். 2013க்குப் பிறகு சுன்னாகம் மின் நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் என்று ஊர் எழுந்தது. அது இராணுவத் தளம் அல்ல, மின்னுற்பத்தி நிலையம், ஆனால் பாடம் ஒன்றுதான். ஒரு பக்கம் பல கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் எல்லை மீறியிருக்கின்றன என்ற பரிசோதனை. மறுபக்கம் மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, பென்சீன் வகைப் பொருட்கள் அபாய அளவில் இல்லை என்றது. ஊர்ச்சனம் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டியது. நான் அப்படி நினைக்கவில்லை. "எண்ணெயும் கிரீசும்" என்பது ஒரு மொத்த நிறுவை. கரைப்பானில் கரைந்து வருவதையெல்லாம் சேர்த்து எடைபோடுவது. பென்சீன் என்பது அதற்குள் இருக்கக்கூடிய, பழைய எண்ணெயில் ஆவியாகித் தீர்ந்தும் போயிருக்கக்கூடிய, ஒரு தனிப்பொருள். ஒன்று கூடி மற்றது குறைந்து இருக்கலாம். இரண்டு தாளும் வேறுவேறு கேள்விக்குப் பதில் எழுதின, ஆனால் இரண்டையும் "குடிக்கலாமா" என்ற ஒரே கேள்விக்கு வைத்து அடிபட்டோம். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. சுற்றாடல் வழக்குகளில் அது ஒரு பெரிய தீர்ப்பு. ஆனால் தேங்காய் உடைத்தது போல வழக்கு முடிந்தாலும், கிணறு ஒவ்வொன்றையும் பற்றிய கேள்வி நீதிமன்றத்தில் முடிகிற சாமான் இல்லை.

நம் நிலத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் அவுஸ்திரேலியாவின் வட ஆள்புலத்தில் இருக்கிறது. கத்தரின் என்ற சிறு நகரம், பக்கத்தில் ரின்டல் விமானப்படைத் தளம். கீழே சுண்ணாம்புக்கல் படுகை, மேலே மாரி, கோடை என்று இரண்டே பருவம், அந்தப் படுகையிலிருந்து ஊறி மக்கள் குளிக்கும் ஊற்றுக்கேணிகள். வெள்ளைக்காரக் கீரிமலை என்று சொன்னால் கோவிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பாவித்த நுரையிலிருந்து பிஃபாஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் புளோரின் சேர்மங்கள் படுகைக்குள் போய், நகரத்தின் குடிநீர்க் கிணறுகளை எட்டின. எரிபொருள் தீயை அந்த நுரை மிக வேகமாக அணைக்கும். உலகெங்கும் விமானத் தளங்களில் பல தசாப்தங்களாக அதைப் பீய்ச்சினார்கள். கார்பனும் புளோரினும் பிணைந்த பிணைப்பு அவ்வளவு இறுக்கமானது என்பதால் வெயிலும் நுண்ணுயிரும் அதை ஒன்றும் செய்ய முடியாது. 2017இல் கத்தரினில் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது. 2020இல் அந்நாட்டு அரசு கத்தரின், ஓக்கி, வில்லியம்ரவுண் ஆகிய மூன்று இடத்து மக்களுக்கும் 21 கோடி 25 இலட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்தது.

அந்த மூன்று ஊரிலும் அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2021இல் முடிந்தபோது வெளிவந்தது சுவாரசியமானது. மக்களின் இரத்தத்தில் பிஃபாஸ் கூட, கொலஸ்ரரோலும் கொஞ்சம் கூட. மற்ற நோய்களுக்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மன உளைச்சல் தெளிவாகக் கூட. வீட்டின் விலை விழுந்தது, தோட்டத்து முட்டையைச் சாப்பிடாதே என்றார்கள், பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற யோசனை. அதையும் சுகாதார விளைவாக எண்ண வேண்டும் என்பது என் கட்சி. 27 வருடம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் உன் கிணறும் சரியில்லையாம் என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவது சின்ன விடயமில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நியமங்கள் ஒரு ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உலக சுகாதார நிறுவனம் வழக்கமாக எடுப்பது 60 கிலோ எடையுள்ளவர், நாளுக்கு 2 லீற்றர் குடிப்பவர். பத்து கிலோப் பிள்ளைக்கு 1 லீற்றர். எடைக்கு எடை பார்த்தால் பிள்ளை பெரியவரைவிட மூன்று மடங்கு வாங்குகிறது. பங்குனி வெயிலில் வெங்காயத் தறையில் இறைப்பு மாறுகிறவர் 2 லீற்றரோடு நிற்பாரா? 4 என்று வைத்தால், அவரைப் பொறுத்தவரை நியமம் அரைவாசியாகிவிடுகிறது. லெஜூனில் சுடுநீர்க் குளியலறையில் ஆவியாக மூச்சில் போனது குடித்ததோடு போட்டி போட்டது. நம் ஊரில் கிணற்றடியில் வெட்டவெளிக் குளிப்பு, அந்த வழி அவ்வளவாகத் திறக்காது. ஆனால் கிணறு துப்புரவாக்க உள்ளே இறங்குகிறவர் எரிபொருள் ஆவி தேங்கிய குழிக்குள் நிற்கிறார், அவரை எந்த அமெரிக்கப் படிவமும் கேட்காது. கொதிக்க வைத்தால் சரி என்பதும் பாதி உண்மை. பென்சீன் பறந்துவிடும். நைத்திரேற்றும் பிஃபாசும் ஈயமும் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

மண்ணையும் மறக்கக் கூடாது. சுடுதளம் இருந்த இடத்தில் ஈயம் தண்ணீருக்குள் அவ்வளவு இலகுவாக இறங்காது, சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துவிடும். ஆனால் மேல்மண்ணில் இருக்கும். தவழும் பிள்ளை மண்ணைத் தொட்டு வாயில் வைக்கும், வீட்டுக்கோழி கிளறித் தின்று முட்டையில் கொண்டுவரும். ஈயத்துக்கு இதுதான் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகளின் இரத்தத்தில் கவனிக்க வேண்டிய அளவு ஒரு காலம் டெசிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம், 2012இல் 5, 2021இல் 3.5. பிள்ளைகள் மாறவில்லை, அறிவு மாறியது. இன்று "நியமத்துக்குள்" என்பது இன்றைய நியமத்துக்குள்.

அதைவிடச் சிக்கலானது நோயை எண்ணுவது. "அந்தப் பக்கம் கான்சர் கூடிப்போச்சு" என்று தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் யாரும் சொல்வார்கள். அதை நிரூபிப்பதும் மறுப்பதும் எவ்வளவு கடினம் என்று பாருங்கள். லெஜூனில் இருந்த ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரை, அதே அளவு எண்ணிக்கையில், மாசற்ற தண்ணீர் இருந்த பென்டில்ரன் முகாமில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 2014இல் ஒரு ஆய்வு வந்தது. புற்றுநோய் மரணம் மொத்தமாகச் சுமார் 10 வீதம் கூட, சிறுநீரகப் புற்றுநோய் மரணம் சுமார் 35 வீதம் கூட. ஆனால் அந்த 35இன் இரு பக்கமும் ஐயத்தின் அகலம் பெரிது, தற்செயலாகவும் இருக்கலாம் என்ற வாய்ப்பை முழுதாக மூட முடியவில்லை. மூன்று இலட்சம் பேரை வைத்தே இப்படி. நம் கிராமசேவையாளர் பிரிவு ஒன்றில் 1,500 பேர் என்று வையுங்கள். வாழ்நாளில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற மேலதிக ஆபத்து, அது உலக நியமங்கள் பொறுத்துக்கொள்வதைவிடப் பத்து மடங்கு, அங்கே இருந்தாலும் எதிர்பார்க்கும் மேலதிக நோயாளி 0.15 பேர். எந்தப் பதிவேட்டிலும் அது தெரியாது. ஆக, "நோய் கூடவில்லை, எனவே மாசு இல்லை" என்பது கணக்குத் தெரியாத பேச்சு. "மூன்று வீட்டில் மூன்று கான்சர், எனவே தண்ணீர்தான்" என்பதும் அதே பேச்சுதான்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யார் எந்தத் தண்ணீரை எவ்வளவு காலம் குடித்தார் என்பதுதான் கணக்கின் அச்சாணி. வலிகாமம் வடக்குக்காரர் 1990இல் வெளிக்கிட்டு, மருதனாமடம், மல்லாகம், கோணப்புலம் என்று நலன்புரி நிலையங்களிலும் உறவுக்காரர் வளவுகளிலும் இருந்து, சிலர் வன்னி போய், சிலர் ரொறன்ரோ போய், கொஞ்சப்பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தளத்துக்குள் உள்ள கிணறுகளைக் குடித்தவர்கள் படையினர். தெற்கே கிராமங்களுக்குத் திரும்பிப் போன அவர்களையும் யாரும் எண்ணப்போவதில்லை. லெஜூனில் நோயுற்றவர்கள் படையினரும் அவர்களின் பிள்ளைகளும்தான் என்பதை ஒருமுறை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீருக்குச் சீருடை தெரியாது.

அப்படியென்றால் செய்யக்கூடியது என்ன? நோயை எண்ணுவதிலிருந்து தொடங்கக்கூடாது, நிலத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மூலையில் தாங்கி, எங்கே வாகனப் பட்டறை, எங்கே சுட்டுப் பழகினார்கள், குப்பையை எந்தக் கிடங்கில் எரித்தார்கள், தீயணைப்புப் பயிற்சி நடந்ததா, எந்த நுரை? 2013இல் வலிகாமம் வடக்கில் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்ட காணி 6,381 ஏக்கர். அவ்வளவையும் சலிக்கத் தேவையில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் சந்தேகத்துக்குரிய இடம் கைவிரல் எண்ணிக்கைக்கு வந்துவிடும், அங்கு எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பழைய செய்மதிப் படங்களில் பாதி விடை உண்டு. மீதி படைத்தரப்பின் கோப்பில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்கிறது. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்றும் அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. விட்டுப்போன காணியில் பழைய டீசல் தாங்கி எங்கே இருந்தது என்பதில் என்ன இரகசியம்?

காணி விடும்போது நமக்குக் கிடைப்பது மிதிவெடி அகற்றிய சான்று. அந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம், முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகச் செய்த வேலை. ஆனால் அவர்கள் தேடியது வெடிக்கக்கூடியதை. அந்தச் சான்று காலுக்கு, தண்ணீருக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குடியேறிய வீடுகள் நிறைய.

நேர்மையாக ஒன்றும் சொல்ல வேண்டும். குடாநாட்டுக் கிணறுகளில் இன்று உறுதியாகத் தெரிந்த, பரவலான ஆபத்து நைத்திரேற்றுதான். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். செறிவாகத் தோட்டம் செய்யும் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் 1980களிலிருந்தே பதிவாகியிருக்கின்றன. அது உரத்திலிருந்தும் நம் மலக்குழியிலிருந்தும் வருவது, எந்த முகாமும் தேவையில்லை. போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது நேரடிக் கேடு. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பத்தடி விட்டுக்கொண்டு, முகாமைப் பார்த்து மட்டும் கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேநேரம், "உங்கட உரம்தான் காரணம்" என்று சொல்லி மற்றக் கேள்விகளை மூடுவதும் சரியில்லை. நைத்திரேற்றுக்கான பரிசோதனையில் கரைப்பான் தெரியாது. முன்பே சொன்னேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிறகு இரண்டு தடவை கொடுத்தோம், ஆவணியில் ஒருக்கால், தை மாதத்தில் ஒருக்கால். இரண்டிலும் நைத்திரேற்று எல்லைக்குக் கொஞ்சம் கீழே. எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடிக் குப்பியைத் தேடி அலைந்தது தனிக்கதை. கடைசியில் பெரியம்மா ஒரு சமாதானத்துக்கு வந்தார்: குடிக்கப் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர், குளிக்கத் தோயக் கிணறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படிவம் நிரப்பியபோது "குடிநீர் மூலம்" என்ற இடத்தில் "பவுசர்" என்று எழுதிக்கொண்டு போனார். அவர் படலை தாண்டியதும் பெரியம்மா கேத்திலை அடுப்பில் வைத்தார். தேத்தண்ணிக்கு எந்தத் தண்ணி பெரியம்மா என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணிதான் மோனை. பவுசர்த் தண்ணியில குளோரின் மணக்கும், தேத்தண்ணி சப்பெண்டு கிடக்கும்."

நாளுக்கு ஐந்து தரம் குடிப்பார்.